ஒரே பெயரில் இரண்டு பட்டாசல்

அக்கா,

உங்கள் பக்கத்தில் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து அந்த வாடை தெருவழியாக வந்து என் ஜன்னலுக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு லேசாகத் தலை வலிக்கிறது. என்ன நிறம் என்று போய்ப் பார்த்தேன். சந்தன நிறம் என்று பெயிண்டர் சொன்னார். எனக்கென்னவோ நேற்று வைத்த மோர்க்குழம்பு மாதிரிதான் தெரிந்தது. நீங்கள் இருந்திருந்தால் பச்சை அடிக்கச் சொல்லியிருப்பீர்கள். சேலையிலிருந்து வாளி வரைக்கும் உங்களுக்குப் பச்சைதான்.

வெள்ளிக்கிழமை குடித்தனக்காரர்கள் வருகிறார்கள். கல்லூரியில் வேலை பார்க்கிறவர், அவர் மனைவி. நல்ல மாதிரியாகத் தெரிகிறார்கள். வீட்டைத் தயார் செய்ய உங்கள் மகன் சங்கரன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். பையைக் கீழே வைத்ததும், "சித்தி, மொதல்ல லைட்டப் பிரிக்கணும்" என்றான். அவன் சொல்வது நியாயம்தான். அடுத்த வீட்டுக்காரி பேசினால் தன் வீட்டு விளக்கு எரிகிற இடத்தில் யார் காசு கொடுத்துக் குடியிருப்பார்கள்? சரிடா, பிரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். நீங்கள் மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. நீங்கள் விக்கிரமசிங்கபுரத்து மில் குடும்பம். நான் ஏரல். அம்பாசமுத்திரத்தில் இந்த வீட்டுக்கு நான் வந்தபோது நீங்கள் இங்கே பழம்பெருச்சாளி. என்னை 'ஏரல்காரி' என்றுதான் கூப்பிடுவீர்கள். எனக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்ததை நீங்கள் கண்டுகொண்டதே இல்லை.

சண்டை நம்முடையது இல்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் வந்தது. வீட்டைப் பங்கு வைத்தார்கள். பின்கட்டை எளிதாகப் பிரித்துவிட்டார்கள். தெருவைப் பார்த்த முன்கூடம், நம் பேச்சில் பட்டாசல், அதைத்தான் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அதன் குறுக்கே ஒற்றைச் செங்கல் கனத்தில் சுவர் ஒன்றை எழுப்பினார்கள். தலைவாசல் உங்கள் பக்கம் போனது. பெரிய ஜன்னலும் ஊஞ்சல் கொக்கியும் என் பக்கம் வந்தன. எனக்குத் தெருவில் தனியாக ஒரு வாசல் உடைத்துக் கொடுத்தார்கள். அன்றோடு இரண்டு பக்கமும் பேச்சு நின்றது.

பிறகு உங்கள் வீட்டுக்காரர் போனார். அடுத்து என் வீட்டுக்காரரும் போனார். இரண்டு துஷ்டிக்கும் நாம் போய்வந்தோம். துஷ்டி வீட்டில் 'வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது முறை. நமக்கு அது மிகவும் வசதியாகப் போயிற்று. வாயைத் திறக்காமலே வந்து, அழுது, போய்விட்டோம். சண்டைக்காரர்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபின் நாம் ஏன் பேசாமல் இருந்தோம் என்று என் மகள் கேட்பாள். கோபம் என்று சொல்ல முடியாது. யார் முதலில் பேசுவது என்பது மட்டும்தான் பாக்கி. நீங்கள் மூத்தவர், சின்னவள் நான்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். ஆனால் நான் பேசவில்லை.

நீங்கள் இருட்டில் படி தவறி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்ட பிறகுதான் இந்த விளக்கு வேலை தொடங்கியது. நம் பிள்ளைகள் நம்மைப் போல இல்லை, வாரந்தோறும் போனில் பேசிக்கொள்வார்கள். சங்கரனும் அவனுக்கு அக்கா முறையான என் மகளும் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். சங்கரன் அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கி, உங்கள் பக்கத்தை முடித்துவிட்டு என் வாசலில் நின்றான்.

"சித்தி, ஒங்களுக்கும் சேத்தே வாங்கிட்டேன். அக்காட்ட கேட்டாச்சு. இனிமே சுவிட்சத் தேடி இருட்டுல தடவ வேண்டாம். வாயால சொன்னாப் போதும்."

"நான் சொன்னா எம் மகளே கேக்க மாட்டா. பல்பு கேக்குமாக்கும்?"

"இது கேக்கும். ரூமு பேரக்கூடச் சொல்ல வேண்டாம். எங்க நின்னு சொல்லுதீங்களோ அங்க மட்டும் எரியும்."

அது எப்படி என்று அவன் விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. கணக்கு டீச்சராக இருந்தவள் அல்லவா, கணம் பிரிப்பது மாதிரி இருந்தது. அறைக்கு ஒரு சின்ன உருண்டைப் பெட்டி. போனில் அறைக்கு ஒரு பெயர். அந்த அறையின் பல்புகளையும் பெட்டியையும் அந்தப் பெயருக்குள் போட்டுவிட வேண்டும். அடுக்களைப் பெட்டியிடம் சொன்னால் அடுக்களைப் பல்பு மட்டும் அசையும், மற்றவை சும்மா இருக்கும். பெட்டிக்குத் தமிழ் வராது, அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஆன் ஆஃப் என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டுக்கும் ஒரே நெட் இணைப்பு போதும், சுவர் தாண்டி வரும் என்றான். அந்தச் சுவரைத் தாண்டி முதலில் வந்தது அதுதான்.

அறைகளின் பெயரைக் கேட்டான். புது அடுக்களை, கடைசி ரூம், பட்டாசல் என்று சொன்னேன். எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான்.

நம் ஊரில் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டால் வீட்டுக்குள் சட்டென்று மங்கிவிடும். நான் ஊஞ்சலில் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லாமல் தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. ஜன்னலோரம் எனக்கு இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே இது ஏன் எரிகிறது என்று, பெட்டியைக் கூப்பிட்டு ஆஃப் சொன்னேன். அணைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் குரல் கேட்டது: "லைட்டு ஆன்னு." எனக்கு எரிந்தது. நான் ஆஃப் என்றேன். நீங்கள் பெட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஏ சவமே, ஆன்னுன்னா ஆன்னு!" என்று கத்தினீர்கள். மறுபடி எரிந்தது. கொஞ்ச நேரம் இப்படியே நடந்தது. தெருவில் போன ஒருவர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார். ஏதோ திருவிழா சீரியல் லைட் என்று நினைத்திருப்பார்.

நீங்கள் வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று நான் நினைத்தேன். நான் செய்கிறேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். மகளுக்குப் போன் போட்டு, "ஒம் பெரியம்மைக்கு இந்த வயசுல வெளாட்டுக் கேக்கு" என்று பொரிந்து தள்ளினேன். அவள் சிரித்துவிட்டுத் தம்பி சங்கரனைக் கூப்பிட்டாள். அவன் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போனில் பார்த்து, விஷயத்தைக் கண்டுபிடித்தான்.

"சித்தி, அம்மையும் பட்டாசல்னு சொன்னா, நீங்களும் பட்டாசல்னு சொன்னிய. ஏற்கெனவே அந்தப் பேரு கெடந்துச்சு, அவசரத்துல ஒங்க பல்பையும் அதுலயே போட்டுட்டேன். அது ரெண்டையும் ஒரே ரூமுன்னு நெனச்சுட்டு."

மற்ற அறைகளுக்கெல்லாம் பங்கு வைத்தபோதே வெவ்வேறு பெயர் வந்துவிட்டது. உங்களுக்கு அடுக்களை என்றால் எனக்குப் புது அடுக்களை. உங்களுக்கு உள் ரூம், எனக்குக் கடைசி ரூம். பட்டாசலை மட்டும் நாம் பிரித்துச் சொல்லவே இல்லை. கையில் இருந்தது ஆளுக்குப் பாதி. வாயில் இருந்தது ஆளுக்கு முழுசு.

"ரெண்டு பேருல ஒருத்தங்க வேற பேரு சொல்லுங்க, இங்கன இருந்தே மாத்திருதேன்" என்றான் சங்கரன்.

"ஒங்க அம்மையச் சொல்லச் சொல்லு. வாசல்னு வச்சுக்கிடட்டும். அங்கதான தலைவாசல் இருக்கு."

அவன் உங்களைக் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டான். "ஊஞ்சல்னு வச்சுக்கிடச் சொல்லுதா ஒங்கள. தலைவாசல் இருக்குத எடந்தான் பட்டாசலாம்."

"வாசல் இருந்தா அது வாசல். உக்காந்து நாலு வார்த்த பேசுத எடந்தான்டா பட்டாசல்."

"நாலு வார்த்த அங்க யாரு பேசுதான்னு கேக்கா, சித்தி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பேரை விட்டுக்கொடுத்தால் இடத்தையே விட்டுக்கொடுத்த மாதிரி என்று தோன்றியது. உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். சங்கரன் இரண்டு பக்கமும் இடி வாங்கி, "என்னமும் பண்ணுங்க" என்று போனை வைத்துவிட்டான். அவன் அப்படியே விட்டது நல்லதாகப் போயிற்று. அன்றைக்கு அப்படி எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே ஒரே விளக்கில் இரண்டு வீடு நடந்தது. பொழுது சாயும்போது யார் ஆன் சொல்வது என்பதில் சிக்கல் வரவில்லை. இந்த வீட்டில் விளக்கேற்றுகிற உரிமை மூத்த மருமகளுடையது. நான் கல்யாணமாகி வந்த நாளில் இருந்து நீங்கள்தான் ஏற்றினீர்கள், நான் பக்கத்தில் நின்று கும்பிட்டிருக்கிறேன். அதை நினைத்து நான் வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் முகம் கழுவிவிட்டு நீங்கள் ஆன் சொல்வீர்கள், என் பக்கமும் எரியும். நானும் உங்களோடு சேர்ந்து கும்பிட்டுக்கொள்வேன். எதிரில் பல்புதான் இருந்தது, இருந்தாலும் கும்பிட்டேன்.

அணைப்பதில்தான் தகராறு. நீங்கள் சாப்பிட்ட கை காய்வதற்குள் படுக்கிற ஆள். நான் பேப்பரைக் கடைசி வரி வரை படிக்கிற ஆள். நான் படித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஆஃப் சொல்லிவிடுவீர்கள். நான் ஆன் சொல்வேன். ஒருநாள் நீங்கள் ஆஃப் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சத்தமாக உங்கள் பெட்டியிடம் பேசினீர்கள்.

"ஏ பெட்டி, எனக்கு ஒறக்கம் வருது. சில பேரு இன்னும் பேப்பர் படிக்காவளோ என்னமோ. என்னன்னு கேட்டுச் சொல்லு."

நம் ஊர்ப் பக்கத்தில் பேச்சு இல்லாதவர்கள் பேச வேண்டி வந்தால் நடுவில் ஒரு பூனையையோ பிள்ளையையோ வைத்துக்கொள்வார்கள். நம் இருவரிடமும் பூனையும் இல்லை, பிள்ளைகளும் ஊரில் இல்லை. நான் பேப்பரை மடியில் வைத்துவிட்டு என் பெட்டியைப் பார்த்து, "இன்னும் ஒரு பக்கந்தான் பாக்கின்னு சொல்லு" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து ஆஃப் வரவில்லை. நான் படித்து முடித்து ஆஃப் சொன்னபோது, "நல்ல புத்தி வந்துட்டு" என்று நீங்கள் உங்கள் பெட்டியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அதிலிருந்து பெட்டிகளுக்கு ஓய்வில்லை. வாழைக்காய் சிப்ஸ் நமுத்துப் போனது, ரேஷன் கடையில் கூட்டம், சங்கரன் பெண்டாட்டி போனில் பேசுகிற தோரணை, எல்லாம் அவற்றிடம்தான் சொல்லப்பட்டன. ஒருமுறை நீங்கள் பழக்கத்தில் பெட்டியை அதன் சொந்தப் பெயரில் கூப்பிட்டுவிட்டு சுவர் தாண்டி வந்த என் சாம்பார் வாசனையைப் பற்றி ஏதோ குறை சொன்னீர்கள். அது விழித்துக்கொண்டு, மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை என்று இங்கிலீஷில் பதில் சொன்னது. "ஒன்னட்ட யாரு கேட்டா? சும்மா கெட மூதி" என்று நீங்கள் அதட்டினீர்கள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். அதன்பிறகும் நாம் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசவில்லை. அப்படியொரு வீம்பு.

இன்னொரு நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. நீங்கள் பெட்டியிடம் பைய, இத்தனை நாள் பேசாத குரலில் சொன்னீர்கள். "செவரு வச்ச அன்னைக்கு நான் சோறு திங்கல. கொத்தனாருக்குக் காப்பி போட்டுக் குடுத்துட்டு உள்ள போயி அழுதேன். அத யாருட்டச் சொல்லுதது?" நான் என் பெட்டியைப் பார்த்தேன். நானும் அன்று அழுதவள்தான். பேப்பரில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஆஃப் சொல்லிவிட்டேன். அன்றைக்கு உங்களைச் சீக்கிரம் தூங்க விட வேண்டும் என்று இருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் விளக்கு எரியவில்லை.

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன். வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. உங்கள் குரல் வரவில்லை. சுவர்ப் பக்கம் காதைக் கொடுத்தேன். "அக்கா" என்று கூப்பிட்டேன். பெட்டியை அல்ல, உங்களை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது உங்கள் குரல்தான், ஆனால் வார்த்தை இல்லை. செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி, உங்கள் தலைவாசலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இத்தனை வருஷம் கழித்து என்னை உங்கள் பட்டாசலில் பார்த்ததும் நீங்கள் செய்த முதல் காரியம், விலகியிருந்த முந்தானையைச் சரி செய்துகொண்டதுதான். விருந்தாளி வந்த மாதிரி.

ஆம்புலன்ஸில் உங்கள் பக்கத்தில் நான்தான் இருந்தேன். பாளையங்கோட்டை வரைக்கும் என் கையை விடவே இல்லை நீங்கள். நகம் அழுந்திய தடம் இரண்டு நாள் இருந்தது.

திரும்பி வந்தபோது நடை கொஞ்சம் மிஞ்சியிருந்தது, பேச்சு குழறியது. எனக்குப் புரியும், பெட்டிக்குப் புரியவில்லை. நீங்கள் எத்தனை தடவை ஆன் சொன்னாலும் அது சும்மா இருக்கும். "சவம், எம் பேச்சு எடுபடல" என்று சொல்லிக் கண் கலங்கினீர்கள். படுக்கையில் விழுந்ததற்குக்கூட நீங்கள் அழவில்லை, இதற்கு அழுதீர்கள். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பகலெல்லாம் நான் உங்கள் பக்கத்தில் இருப்பேன். அந்தி வேளையில் உலை வைக்க என் பக்கம் வந்துவிடுவேன். விளக்கு வேண்டும் என்று தோன்றும்போது நீங்கள் டம்ளரால் சுவரைத் தட்டுவீர்கள். நான் பட்டாசலுக்கு வந்து ஆன் சொல்வேன். இரண்டு பக்கமும் எரியும். ஏற்றச் சொல்வது மூத்தவர் என்பதில் மாற்றமில்லை, வாய் மட்டும் என்னுடையது.

சங்கரன் லீவில் வந்தபோது மெதுவாகக் கேட்டான். "இப்பமாவது பேர மாத்தி வச்சிருவமா?" நாம் இருவரும் ஒரே நேரத்தில், "அதுல கைய வைக்காத" என்றோம். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் நான் உங்களுக்குத் தலை சீவிக்கொண்டே, "பாத்துக்கிட ஒரு ஆளு வேணும்னு ஆயாச்சு. இனிமேலாவது பட்டாசல எனக்கு விட்டுத் தரலாம்லா?" என்று சும்மா சீண்டினேன். நீங்கள் சீப்பைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். வார்த்தை வார்த்தையாக, நேரம் எடுத்துச் சொன்னீர்கள். "செத்தாலும்... தர மாட்டேன்... ஏரல்காரி." சொல்லிவிட்டு நல்லாயிருக்கிற பாதி வாயால் சிரித்தீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு மறக்காது.

ஐப்பசி மழையில் நீங்கள் போனீர்கள். உறக்கத்திலேயே போய்விட்டீர்கள், நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு அந்த வாரம் முழுக்க உங்கள்மேல் கோபம்தான். இத்தனை வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, பேச ஆரம்பித்த சூட்டோடு இப்படியா போவார்கள்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சங்கரன் போனோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"சித்தி, ஒங்க பக்கம் பட்டாசலாவே இருக்கட்டும். வரப்போறவங்க எப்படியும் ஹால்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பக்கத்துக்கு ஹால்னு போட்டுருதேன்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் எத்தனை வீம்பு பிடித்துக் கேட்டது அது. கேட்காமலே கையில் வந்து விழுகிறது. வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"வேண்டாம்லே. அந்தப் பக்கமே பட்டாசலா இருக்கட்டும். ஒங்க அம்மை தர மாட்டேன்னு சொல்லியிருக்கா."

"அம்மைதான் இல்லையே, சித்தி."

"இல்லன்னா எடுத்துக்கிடலாமா? சொன்னதச் செய்."

"அப்ப ஒங்களுக்கு என்ன பேரு வைக்க?"

"என்னத்தையாவது வை."

அவன் 'ஊஞ்சல்' என்று போட்டான். நீங்கள் சொன்ன பெயர் அவனுக்கு எப்படி ஞாபகம் இருந்ததோ. போனைத் தட்டித் தட்டி ஏதோ செய்தான். பிறகு உங்கள் பக்கம் போய் நின்றுகொண்டு என்னை ஆன் சொல்லச் சொன்னான். சொன்னேன். என் தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் சந்தோஷமாகக் கத்தினான்.

"இங்க எரியல சித்தி! சரியாப் பிரிஞ்சிட்டு!"

அழுதேன், அக்கா. கொத்தனார் சுவர் வைத்த அன்று அழுததைவிட அதிகமாகவே அழுதேன். பையன் ஓடி வந்து பார்த்துவிட்டு, பெயிண்ட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை போல என்று ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டான். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி பெட்டியின் கணக்கில் நான் இருக்கிற இடத்துக்கு வேறு பெயர். அதற்குச் சம்மதித்தவள் நான்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. வாயில் மட்டும் பழைய பெயர்தான் வருகிறது. இன்று மதியம் தபால்காரர் வந்தபோதுகூட, "உள்ள வாங்க அண்ணாச்சி, பட்டாசல்ல உக்காருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது உங்களுடையது என்று. என் வாய் பேசுகிறவரைக்கும் நான் அந்தப் பெயரை உங்களிடம் இரவலாகத்தான் வாங்கிப் பேச வேண்டியிருக்கும். தர மாட்டேன் என்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல் வந்தால், உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.